அரிய ஜெர்மன் குடும்பப்பெயரின் வேரையும் எண்ணிக்கையையும் தேடுவது எப்படி? சீகன்பால்க் என்ற பெயரை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

தரங்கம்பாடிக்குப் போனவர்கள் புது எருசலேம் ஆலயத்துக்குள்ளும் ஒரு தடவை எட்டிப் பார்த்திருப்பீர்கள். 1706 ஜூலை 9 அன்று அந்தக் கடற்கரையில் வந்து இறங்கி, தமிழ் படித்து, அச்சுக்கூடம் வைத்து, 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு, 1719 பிப்ரவரியில் 36 வயதிலேயே இறந்துபோன பர்த்தலோமேயு சீகன்பால்க்கை அங்கேதான் அடக்கம் செய்திருக்கிறார்கள். அவர் செய்த வேலைகளைப் பற்றித் தமிழில் நிறையவே எழுதியிருக்கிறார்கள். எனக்குப் பிடித்துக்கொண்டது அந்தப் பெயர். அது எந்த ஊர்ப் பெயர், என்ன பொருள், இன்றைக்கு ஜெர்மனியில் எத்தனை குடும்பங்களுக்கு இருக்கிறது?

மியூலர், ஷ்மிட், ஷ்னைடர், ஃபிஷர், வேபர் மாதிரிப் பெயர்களுக்கு இந்தக் கேள்வியே தேவையில்லை. ஜெர்மனியில் மிக அதிகமாக உள்ள பெயர்கள் அவை, எல்லாமே தொழிற்பெயர்கள், மாவு ஆலை நடத்தியவரும் கொல்லரும் தையல்காரரும் எல்லா ஊரிலும் இருந்ததால் அந்தப் பெயர்களும் எல்லா ஊரிலும் தனித்தனியாக முளைத்தன. அரிய பெயர் அப்படியில்லை. அது ஓர் ஊரில், சில சமயம் ஒரே வீட்டில், ஒரு மனிதருக்கு ஒட்டிக்கொண்டு அங்கிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். அதனால்தான் தேடுவதற்கு அரிய பெயர் நல்லது. சரியாகத் தேடினால் ஓர் இடத்தில் போய் நிற்கும்.

ஆனால் பெரும்பாலானவர்கள் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். அகராதியைத் திறந்து, பெயரை இரண்டாக உடைத்து, பொருளைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நான் சொல்லும் முறை இதற்கு நேர் எதிரானது. முதலில் ஊர், அப்புறம்தான் பொருள். ஊர் தெரியாமல் சொல்லும் பொருள் வெறும் ஊகம்.

ஒரு சிறு பின்னணி மட்டும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் பேசும் பகுதிகளில் குடும்பப்பெயர் வைக்கும் வழக்கம் 12-ஆம் நூற்றாண்டு வாக்கில் தெற்கிலும் மேற்கிலும் உள்ள நகரங்களில் தொடங்கியது. கிராமங்களுக்கும் வடக்கு, கிழக்குப் பகுதிகளுக்கும் மெதுவாகத்தான் போய்ச் சேர்ந்தது. கிழக்கு ஃப்ரீஸ்லாந்தில் 1811-ல் நெப்போலியன் ஆட்சியின் ஆணை வரும்வரை பலரும் நம்மைப் போலவே அப்பா பெயரைத்தான் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொண்டிருந்தார்கள், அதாவது தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறியது. ஆகவே ஒரு பெயரின் வரலாறு எவ்வளவு பின்னால் போகும் என்பதே அது எந்தப் பகுதிப் பெயர் என்பதைப் பொறுத்தது.

படி 1: பெயரைக் காதால் கேளுங்கள்

ஜெர்மனில் இந்தப் பெயரை இஸட், ஐ, இ, ஜி, இ, என், பி, ஏ, எல், ஜி என்று எழுதுகிறார்கள். ஜெர்மனில் இஸட் எழுத்துக்கு 'ட்ஸ்' என்ற ஒலி. சொல்லின் கடைசியில் வரும் ஜி, 'க்' என்று வலுத்து ஒலிக்கும். ஆக அவர்கள் வாயில் அது ஏறக்குறைய 'ட்ஸீகன்பால்க்'. நம் ஆட்கள் எழுதிய 'சீகன்பால்க்' என்ற வடிவத்தைப் பாருங்கள், எழுத்தைப் பார்த்துப் பெயர்க்காமல் காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலப் புத்தகங்களிலோ கடைசியில் ஒரு எச் சேர்த்து எழுதியிருப்பதும் கண்ணில் படும்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், ஜெர்மன் பாதிரியாரும் ஊர்க் கணக்கரும் இதையேதான் செய்தார்கள். 1870-களில் அரசுப் பதிவு வரும்வரை குடும்பப்பெயருக்கு உறுதியான எழுத்துக்கூட்டல் கிடையாது. அப்பா பெயர் ஒரு மாதிரியும், மகன் பெயர் இன்னொரு மாதிரியும், அதே மகன் பெயர் கல்யாணப் பதிவில் மூன்றாவது மாதிரியும் இருக்கலாம். அதிலும் கிழக்கு ஜெர்மனியில் சீகன்பால்க் பிறந்த சாக்சனிப் பக்கத்துப் பேச்சில் வல்லொலியும் மெல்லொலியும், அதாவது ப-வும் அதன் அதிர்வொலியும், த-வும் அதன் அதிர்வொலியும், க-வும் அதன் அதிர்வொலியும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். வல்லினத்துக்கு ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு இடத்துக்குத் தக்கபடி ஒலிக்கும் நமக்கு இது எளிதில் புரியும். போதாததற்கு, உதடு குவித்துச் சொல்லும் 'ஊ' மாதிரியான ஒலியை அந்தப் பக்கத்தில் 'ஈ' என்றே சொல்வார்கள்.

ஆகவே நோட்டில் முதல் வேலையாக, அந்தப் பெயர் எழுதப்பட்டிருக்கக்கூடிய எல்லா வடிவங்களையும் எழுதிக்கொள்ளுங்கள். கடைசி ஜி-க்குப் பதில் கே, சிகே, ஜிஎச். நடுவில் பி-க்குப் பதில் பகர ஒலியுள்ள இன்னொரு எழுத்து. ஐ-இ-க்குப் பதில் புள்ளி வைத்த யூ. முதல் இஸட்டுக்குப் பதில் எஸ் அல்லது சிஇஸட்.

இதைக் கையால் செய்யச் சிரமமாக இருந்தால் கொலோன் ஒலியியல் முறை என்று ஒன்று இருக்கிறது. 1969-ல் ஹான்ஸ் யோவாகிம் போஸ்டல் உருவாக்கியது. உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, ஒத்த ஒலியுள்ள மெய்களுக்கு ஒரே எண் கொடுக்கும். எஸ், இஸட் இரண்டுக்கும் 8, ஜி, கே, க்யூ மூன்றுக்கும் 4, எம், என் இரண்டுக்கும் 6, உதட்டொலிகள் இரண்டுக்கும் 1, எல்-லுக்கு 5. சீகன்பால்க்கைப் போட்டுப் பாருங்கள்: 8, 4, 6, 1, 5, 4. கடைசியில் ஜி இருந்தாலும் கே இருந்தாலும் சிகே இருந்தாலும் எச் ஒட்டியிருந்தாலும், முதலில் எஸ் இருந்தாலும், விடை அதே 846154. ஜெர்மன் வம்சாவளித் தரவுத்தளங்கள் சிலவற்றில் ஒலி ஒற்றுமைத் தேடல் என்று ஒரு பெட்டி இருக்கும், அதை டிக் செய்தால் பின்னால் நடப்பது இந்த மாதிரிக் கணக்குதான். டிக் செய்யாமல் தேடிவிட்டு 'ஒன்றுமே இல்லை' என்று மூடிவிடாதீர்கள்.

படி 2: இன்றைய எண்ணிக்கை

ஜெர்மனியில் இன்ன பெயர் இத்தனை பேருக்கு என்று அரசு வெளியிடும் பட்டியல் கிடையாது. எல்லோரும் நம்பியிருப்பது தொலைபேசி இணைப்புகளைத்தான். மைன்ஸ், ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து செய்த ஜெர்மன் குடும்பப்பெயர் வரைபடத் தொகுப்பு 2005-ஆம் ஆண்டின் தரைவழித் தொலைபேசித் தரவை அடிப்படையாகக் கொண்டது. சுமார் 2.8 கோடி தனியார் இணைப்புகள், அவற்றில் ஏறக்குறைய 8.5 லட்சம் வெவ்வேறு பெயர்கள். அதே தரவின் மேல்தான் மைன்ஸில் உள்ள அறிவியல், இலக்கியக் கழகம் 2012-லிருந்து இணையத்தில் ஒரு குடும்பப்பெயர் அகராதியை எழுதிக்கொண்டிருக்கிறது. பொருள், வரைபடம், எண்ணிக்கை மூன்றும் ஒரே பக்கத்தில் கிடைக்கும், காசு கிடையாது. வேலை இன்னும் பல ஆண்டுகள் ஓடும், அதனால் நீங்கள் தேடும் அரிய பெயருக்கு விளக்கம் இன்னும் எழுதப்படாமல் இருக்கலாம். ஜியோஜென் என்ற இணையக் கருவியும் உண்டு, பெயரைத் தட்டினால் மாவட்டவாரியாக நிறம் அடித்த வரைபடம் வரும்.

இப்போது கணக்கு. 2005-ல் ஜெர்மனியின் மக்கள்தொகை சுமார் 8.2 கோடி, இணைப்புகள் 2.8 கோடி. வகுத்தால் ஓர் இணைப்புக்குக் கிட்டத்தட்ட மூன்று பேர். ஒரு பெயருக்கு 50 இணைப்புகள் என்று வரைபடம் காட்டினால் சுமார் 150 பேர் என்று எடுத்துக்கொள்ளலாம். இதைச் சுற்று எண்ணாகவே வைத்துக்கொள்ளுங்கள், '147 பேர்' என்று எழுதுவது சரியல்ல. தொலைபேசிப் புத்தகத்தில் பெயர் போட வேண்டாம் என்று சொன்னவர்கள், கைபேசி மட்டும் வைத்திருப்பவர்கள், கணவர் பெயரில் இணைப்பு இருக்கும் பெண்கள் எல்லாம் அந்தக் கணக்கில் மறைந்திருக்கிறார்கள். இன்னொன்று, 1990-களின் தொடக்கத்துத் தொலைபேசிப் புத்தகம் உங்கள் கையில் கிடைத்தால் கிழக்கு ஜெர்மனிக்கு அதை நம்பாதீர்கள். ஒன்றிணைப்பு நடந்த 1990-ல் அங்கே பெரும்பாலான வீடுகளில் தொலைபேசியே இல்லை. சீகன்பால்க் போன்ற சாக்சனிப் பெயர் அந்தப் புத்தகத்தில் மேற்கத்திய பெயர் மாதிரித் தெரியும்.

வரைபடத்தை எப்படிப் பார்ப்பது என்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இரண்டு வகை வரைபடம் உண்டு. ஒன்று, மாவட்டத்தில் மொத்தம் எத்தனை இணைப்பு என்பது. அதில் பெர்லின், ஹாம்புர்க், மியூனிக் எப்போதும் பளிச்சென்று தெரியும். அங்கே ஜனம் அதிகம், எல்லாப் பெயரும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும், அது பெயரின் ஊர் என்று அர்த்தமில்லை. இன்னொன்று, பத்து லட்சம் பேருக்கு எத்தனை என்பது. வேரைத் தேட இதுதான் உதவும். ஆனால் இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அரிய பெயர் என்றால் சின்ன மாவட்டம் ஒன்றில் அப்பா, இரண்டு மகன்கள் என்று மூன்று இணைப்பு இருந்தாலே அந்த மாவட்டம் சிவந்துவிடும். ஆகவே இரண்டு வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் தெரியும் இடத்தை, அதிலும் பக்கத்துப் பக்கத்து மாவட்டங்கள் சேர்ந்து கொத்தாகத் தெரியும் இடத்தைத் தேடுங்கள். தனியாக மின்னும் மாவட்டத்தை ஒதுக்குங்கள்.

மாவட்ட எல்லைகளும் மாறியிருக்கின்றன. சாக்சனியில் 2008-ல் மாவட்டங்களைச் சேர்த்தார்கள். சீகன்பால்க் பிறந்த புல்ஸ்னிட்ஸ் அதுவரை காமென்ஸ் மாவட்டம், இப்போது பௌட்சென் மாவட்டம். பழைய வரைபடத்தையும் புதியதையும் ஒப்பிடும்போது இது தெரியாவிட்டால் பெயர் இடம் பெயர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம்.

படி 3: நூறு ஆண்டுகளுக்கு முந்தைய எண்ணிக்கை

இன்றைய வரைபடத்தோடு நிறுத்தவே கூடாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சிலேசியா, கிழக்குப் பிரஷ்யா, பொமரேனியா, சுடேட்டன் பகுதிகளிலிருந்து சுமார் 1.2 கோடி ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள், அல்லது ஓடிவந்தார்கள். அந்தப் பகுதிப் பெயர்களுக்கு இன்றைய வரைபடத்தில் மையமே இருக்காது, நாடு முழுக்கச் சாரல் அடித்த மாதிரி சிதறிக் கிடக்கும். அவற்றின் ஊர் இப்போது போலந்திலோ செக் நாட்டிலோ இருக்கிறது. புல்ஸ்னிட்ஸ் இருக்கும் மேல் லௌசிட்ஸ் பகுதியில் நைசே ஆற்றுக்கு மேற்கே உள்ள நிலம் ஜெர்மனியிலேயே தங்கிவிட்டது, அதனால் அங்கத்திய பெயர்களுக்கு இன்றும் ஓரளவு மையம் தெரிகிறது. ஆற்றைத் தாண்டினால் கதை வேறு.

பழைய நிலவரத்துக்கு எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த வழி முதல் உலகப் போரின் இழப்புப் பட்டியல்கள். 1914 முதல் 1919 வரை அச்சான சுமார் 31,000 பக்கங்கள். இறந்தவர், காயமடைந்தவர், காணாமல் போனவர், சிறைப்பட்டவர் பெயர்கள் அவற்றில் இருக்கின்றன. ஜெர்மன் கணினி வம்சாவளிச் சங்கத்தின் தன்னார்வலர்கள் 2011 முதல் 2014 வரை உட்கார்ந்து இவற்றைத் தட்டச்சு செய்தார்கள், 85 லட்சம் பதிவுகள். யாருக்கும் ஒரு பைசா கூலி கிடையாது. அந்தப் பட்டியலில் குடும்பப்பெயரைப் போட்டுத் தேடினால் ஆளின் பெயருக்குப் பக்கத்தில் அவருடைய ஊரும் வரும். போரில் இருந்தவர்கள் பெரும்பாலும் 1880-களிலும் 1890-களிலும் பிறந்தவர்கள் என்பதால், இது கிட்டத்தட்ட 1890 வாக்கில் பெயர் எங்கே இருந்தது என்பதற்கான படம், 1945-ன் கலைப்புக்கு முந்தைய படம்.

இங்கேயும் எண்ணும்போது கவனம் வேண்டும். ஒரே ஆள் இரண்டு தடவை காயமடைந்து மூன்றாவது தடவை இறந்திருந்தால் மூன்று பதிவு. ஊரும் முதல் பெயரும் ஒன்றாக உள்ளவர்களை ஒரே ஆளா என்று பார்த்துக் கழியுங்கள். பட்டியல் ஃப்ராக்டூர் என்ற பழைய ஜெர்மன் எழுத்துருவில் அச்சானது, அதில் எஃப்-க்கும் நீண்ட எஸ்-க்கும் ஒரு சின்னக் குறுக்குக் கோடுதான் வித்தியாசம், பெரிய பி-யும் வி-யும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். தட்டச்சு செய்தவர் தவறாகப் படித்திருக்கலாம். மூலப்பக்கத்தின் படம் பக்கத்திலேயே இருக்கும், திறந்து பாருங்கள்.

வந்த ஊர்களை எல்லாம் நோட்டில் எழுதி, ஒரு வரைபடத்தில் புள்ளி வையுங்கள். நான் காகித வரைபடத்தில் பென்சிலால்தான் வைப்பேன். இருபது புள்ளி விழுவதற்குள் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

படி 4: புள்ளி விழுந்த ஊரைப் படியுங்கள்

நாய்ஷ்டாட் என்ற பெயரில் ஜெர்மனியில் எத்தனையோ ஊர் இருக்கிறது, நம் புதூர் மாதிரி. எந்த நாய்ஷ்டாட் என்று பிரித்தறிய இரண்டு கருவி போதும். ஒன்று, அதே கணினி வம்சாவளிச் சங்கத்தின் வரலாற்று ஊர்ப் பட்டியல். இன்னொன்று, 1912-13-ல் வெளிவந்து இப்போது இணையத்தில் தேடக்கூடியதாக இருக்கும் மையர் ஊர்ப்பெயர் அகராதி. அந்தக் குக்கிராமத்துக்குத் தேவாலயம் எங்கே, பதிவு அலுவலகம் எங்கே என்பது வரை சொல்லிவிடும். அடுத்த படிக்கு அதுதான் வேண்டும்.

ஊரைப் படிப்பது என்றால் என்ன என்பதற்குப் புல்ஸ்னிட்ஸையே எடுத்துக்கொள்வோம். டிரெஸ்டனுக்கு வடகிழக்கே உள்ள சிறு நகரம். 1558-லிருந்து மசாலா ரொட்டி சுடும் உரிமை பெற்ற ஊர், இன்றும் அதற்குத்தான் பேர்போனது. ஊர்ப் பெயரின் கடைசியில் வரும் 'இட்ஸ்' ஸ்லாவிய வேரைக் காட்டுகிறது. மேல் லௌசிட்ஸில் சோர்பியர் என்ற ஸ்லாவிய மக்கள் இன்றும் தங்கள் மொழியைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பகுதியில் நோவாக் என்று ஒரு பெயரைப் பார்த்தால், ஜெர்மன் மாதிரித் தெரிந்தாலும் அது 'புதிதாக வந்தவன்' என்ற ஸ்லாவியச் சொல்லிலிருந்து வந்தது. ஆக அங்கே எந்தப் பெயரை எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டியது இது ஜெர்மன் சொல்லா, சோர்பியச் சொல்லா என்பது. சீகன்பால்க்கின் இரண்டு பாதியும் சந்தேகமில்லாமல் ஜெர்மன்.

இன்னொரு விஷயம், மேல் லௌசிட்ஸ் 1635 வரை பொஹிமிய அரசின் கீழ் இருந்தது, அதன் பிறகுதான் சாக்சனிக்கு வந்தது. புல்ஸ்னிட்ஸ் ஆறு இந்தப் பகுதிக்கும் மைசன் பகுதிக்கும் இடையே எல்லையாக ஓடியது. ஆற்றுக்கு இந்தப் பக்கத்து ஆவணமும் அந்தப் பக்கத்து ஆவணமும் வெவ்வேறு ஆட்சியின் கையில் உருவானவை. உங்கள் பெயருக்குரிய ஊர் எல்லையில் இருந்தால் இரண்டு பக்கமும் தேட வேண்டும்.

படி 5: பதிவேடுகள்

பின்னோக்கித்தான் போக வேண்டும், தாவக் கூடாது. ஜெர்மனி முழுவதும் அரசுப் பதிவு 1876 ஜனவரி 1-ல் தொடங்கியது. பிரஷ்யாவில் 1874 அக்டோபரிலேயே வந்துவிட்டது, ரைன் நதிக்கு இடதுகரைப் பகுதிகளில் பிரெஞ்சு ஆட்சி காரணமாக 1798-லிருந்தே உண்டு. பிறப்புப் பதிவு 110 ஆண்டு, திருமணம் 80, இறப்பு 30 ஆண்டு கழிந்தால்தான் ஆவணக் காப்பகத்துக்குப் போய் எல்லோருக்கும் திறக்கும். அதற்கு முன்னால் உறவினர் என்று நிரூபித்தால் மட்டும் தருவார்கள்.

1876-க்கு முன்னால் தேவாலயப் பதிவேடுதான். லூத்தரன் பதிவேடுகளுக்கு ஆர்கியோன் என்ற தளம், கட்டணம் உண்டு. கத்தோலிக்கப் பதிவேடுகளுக்கு மாட்ரிகுலா, இலவசம். முப்பது ஆண்டுப் போர், அதாவது 1618 முதல் 1648 வரை, பல ஊர்களின் பதிவேட்டைச் சாம்பலாக்கிவிட்டது. அதற்கு முன்னால் போக வேண்டுமானால் வரிப் பட்டியல், நீதிமன்றப் புத்தகம், நகரக் குடியுரிமைப் பட்டியல் என்று மாநில ஆவணக் காப்பகத்துக்குத்தான் போக வேண்டும்.

பதிவேட்டைத் திறந்தவுடன் தலை சுற்றும். அது குரெண்ட் என்ற பழைய கையெழுத்து. அதில் இ-யும் என்-னும் இரண்டு சின்னச் செங்குத்துக் கோடுகள், அவ்வளவுதான். சீகன்பால்க்கின் முன்பாதியைக் கவனியுங்கள், ஐ, இ, ஜி, இ, என். ஐ-யின் புள்ளி மங்கியிருந்தால் ஜி-க்கு முன்னாலும் பின்னாலும் வெறும் கோட்டுக் காடு. ஜி-யின் வாலையும் அப்புறம் வரும் பி, எல் இரண்டின் உயரத்தையும் வைத்துத்தான் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வோர் எழுத்தாகப் படிக்க முயலாதீர்கள். பெயரை ஒரு தாளில் குரெண்ட் எழுத்தில் நீங்களே இருபது தடவை எழுதிப் பழகுங்கள், கை பழகினால் கண் தானாகப் பிடிக்கும். இணையத்தில் எழுத்து அட்டவணை எளிதாகக் கிடைக்கிறது.

பெண்கள் பெயரில் கடைசியில் 'இன்' சேர்த்து எழுதுவது 18-ஆம் நூற்றாண்டு வரை சாதாரணம், சீகன்பால்கின் என்று. அது வேறு பெயர் அல்ல, பெண்பால் விகுதி. தேடும்போது கடைசியில் நட்சத்திரக் குறி போட்டுத் தேடினால் அதுவும் அகப்படும்.

தேதிகளிலும் ஒரு சிக்கல். லூத்தரன் ஜெர்மன் நாடுகள் 1700 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தன. அந்த ஆண்டு பிப்ரவரி 18-க்கு அடுத்த நாள் மார்ச் 1. அதற்கு முந்தைய தேதிகளுக்கும் இன்றைய கணக்குக்கும் பத்து நாள் வித்தியாசம். சீகன்பால்க்கின் பிறந்த நாளையே சில பழைய நூல்கள் 1683 ஜூன் என்கின்றன, இப்போது பெரும்பாலும் 1682 ஜூலை 10 என்று எழுதுகிறார்கள். ஒரு நூலில் அச்சாகிவிட்டது என்பதற்காக எந்தத் தேதியையும் அப்படியே எடுக்காதீர்கள். பதிவேட்டில் இருப்பது ஞானஸ்நானத் தேதியாகவும் இருக்கும், பிறந்த தேதி அதற்கு ஓரிரு நாள் முன்னால்.

எனக்குப் பிடித்த பத்தி ஞானப்பெற்றோர் பத்திதான். குழந்தைக்குக் காப்பாளர்களாக நின்றவர்களின் பெயரும் தொழிலும் அங்கே இருக்கும். தோல் பதனிடுபவர், ரொட்டிக்காரர், இன்னாருடைய மனைவி என்று. அந்தக் குடும்பம் யாரோடு பழகியது, எந்தத் தொழில்காரர்கள் நடுவே வாழ்ந்தது என்பது அந்த இரண்டு வரியில் தெரிந்துவிடும்.

படி 6: இப்போது பொருள்

ஜெர்மன் குடும்பப்பெயர்களை ஐந்து வகையாகப் பிரிப்பார்கள்: முன்னோரின் இயற்பெயரிலிருந்து வந்தவை, வந்த ஊரிலிருந்து வந்தவை, குடியிருந்த இடத்திலிருந்து வந்தவை, தொழிலிலிருந்து வந்தவை, பட்டப்பெயர்கள். உங்கள் பெயர் எந்த வகையாக இருக்க முடியாது என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள்.

முன்பாதி 'சீகெ', வெள்ளாடு. இந்தச் சொல்லே ஊரைக் காட்டுகிறது. தெற்கு ஜெர்மனியில் வெள்ளாட்டை 'கைஸ்' என்பார்கள், 'சீகெ' நடு ஜெர்மன், கிழக்குப் பக்கத்துச் சொல். சீகன்பால்க் பிறந்த சாக்சனியோடு இது பொருந்துகிறது. இப்படி இரண்டு வெவ்வேறு வழியில் வந்த தடயங்கள் ஒன்றையொன்று தாங்கினால்தான் நம்பிக்கை வரும்.

'சீகெ' போலத் தெரிவதெல்லாம் ஆடு அல்ல. சீக்லர் என்ற பெயர் செங்கல் சுடுபவர், அது லத்தீனிலிருந்து வந்த 'சீகெல்' என்ற செங்கல், ஓடு. சீகன்ஹால்ஸ் என்றால் சொல்லுக்குச் சொல் ஆட்டுக் கழுத்து, சீகன்ரியூக் என்றால் ஆட்டு முதுகு, ஆனால் இரண்டுமே ஊர். முதலாவது சிலேசியாவில் இருந்தது, இப்போது போலந்தில். இரண்டாவது தூரிங்கியாவில். அந்தப் பெயருள்ளவர்களின் முன்னோருக்கு ஆட்டோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் ஊரோடு மட்டும் சம்பந்தம் இருந்திருக்கலாம். அதனால்தான் மையர் அகராதியில் பெயரை ஊராகவும் ஒரு தடவை தேட வேண்டும்.

பின்பாதி 'பால்க்'. இன்றைய ஜெர்மனில் அடங்காத பிள்ளையைத் திட்டும் சொல் அது. அதைப் பிடித்துக்கொண்டு 'ஆட்டுப் பயல்' என்று பொருள் சொன்னால் தவறு. பழைய பொருள், வெட்டிப் பிளக்காமல் உரித்த முழுத் தோல், அதனால் செய்த பை. காற்று ஊதுகிற துருத்திக்கும் அதே சொல்தான், 'பிளாசெபால்க்'. நம் ஊர்க் கொல்லுப்பட்டறைத் துருத்தியும் ஆட்டுத்தோல்தானே. ஆக சீகன்பால்க் என்றால் ஆட்டுத்தோல், ஆட்டுத்தோல் பை.

இங்கே துருத்தி என்ற சொல்லையே நினைத்துப் பாருங்கள். தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் குத்தாலத்துக்குப் பழைய பெயர் திருத்துருத்தி. அந்தத் துருத்தி கொல்லன் துருத்தி அல்ல, ஆற்றின் நடுவே உள்ள மேடு. சொல் ஒன்று, பொருள் இரண்டு. காவிரிக் கரையைப் பார்த்தவனுக்கு எது சரி என்று தெரியும், அகராதியை மட்டும் பார்த்தவனுக்குத் தெரியாது. ஜெர்மன் பெயர்களிலும் அதே கதை.

சரி, ஆட்டுத்தோல் என்று ஒருவரை ஏன் கூப்பிட்டார்கள்? தோல் பதனிடுபவராக இருக்கலாம், தோல் வியாபாரியாக இருக்கலாம், துருத்தி செய்தவராக இருக்கலாம், அல்லது வெறும் பட்டப்பெயராக இருக்கலாம். சோர்பியர்கள் ஆட்டுத்தோலில் செய்த பை வைத்த ஊதுகுழல் ஒன்றை வாசிப்பார்கள், அதற்கு அவர்கள் மொழியில் ஆடு என்றே பெயர். அந்த வாத்தியக்காரரைக் குறித்த பெயரோ என்று மனம் தாவும். எனக்கும் அந்த யோசனை மிகவும் பிடித்திருக்கிறது, ஆனால் ஒரு பழைய ஆவணத்தில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் குழலூதி என்று எழுதியிருக்கும்வரை அதைப் பொருள் என்று எழுதக் கூடாது. தோல் பதனிடுவோர் தெருவில் அந்தப் பெயரில் ஒருவர் வரி கட்டியதாகக் கிடைத்தால், அப்போது முதல் விளக்கம் வலுவாகும்.

பெயர் சொல்லும் தொழில் முதன்முதலில் அந்தப் பெயரைப் பெற்றவரின் தொழில் மட்டுமே என்பதையும் மறக்க வேண்டாம். தரங்கம்பாடிக்கு வந்தவரின் அப்பா புல்ஸ்னிட்ஸில் தானிய வியாபாரி. பெயர் தோலில் இருக்கிறது, வீடு தானியத்தில் நடந்தது. நடுவே எத்தனையோ தலைமுறை ஓடிவிட்டது.

படி 7: ஒரே குடும்பமா, பல குடும்பமா?

இதற்கு விடை வரைபடத்திலும் பதிவேட்டிலும் சேர்ந்துதான் இருக்கிறது. கொத்து ஒன்றே ஒன்று, பின்னோக்கிப் போகப் போகப் புள்ளிகள் சுருங்கி இரண்டு மூன்று பக்கத்து ஊர்களுக்குள் வந்துவிடுகின்றன என்றால் ஒரே வேராக இருக்க நல்ல வாய்ப்பு. ஒன்றுக்கொன்று தொலைவில் இரண்டு கொத்து, 1650-லேயே இரண்டு இடத்திலும் பெயர் இருக்கிறது என்றால், இரண்டு ஊரில் இரண்டு பேருக்குத் தனித்தனியாக அந்தப் பட்டப்பெயர் விழுந்திருக்கும். பெயர் ஒன்று என்பதால் மட்டும் உறவு என்று சொல்லிவிட முடியாது.

அரிய பெயர் அரிதாகவே இருப்பதற்கு ஒரு காரணமும் சொல்ல வேண்டும். 1976 வரை மேற்கு ஜெர்மனியில் கல்யாணமானால் கணவன் பெயர்தான் குடும்பத்துக்கு. பிறகு இருவரில் ஒருவர் பெயரைத் தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள், ஒத்துவராவிட்டால் கணவன் பெயர் என்ற நிபந்தனையையும் 1991-ல் அரசியல் சாசன நீதிமன்றம் நீக்கியது. ஆக நூற்றாண்டுகளாகப் பெண் பிள்ளைகள் மட்டும் பிறந்த கிளையில் பெயர் நின்றுபோனது. வம்சம் நிற்கவில்லை, பெயர் மட்டும்தான். பதிவேட்டில் மகள்களையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள், அவர்கள் பிள்ளைகள் வேறு பெயரில் அதே ஊரில் இருப்பார்கள்.

தேடும் வழியில் உங்கள் பெயருக்குரிய குடும்பச் சின்னம் என்று கேடயம் போட்ட படத்தை விற்பவர்கள் நிச்சயம் வருவார்கள். ஜெர்மனியில் சின்னம் ஒரு குறிப்பிட்ட குடும்பத்துக்கு உரியது, பெயருக்கு உரியதல்ல. அதே பெயருள்ள வேறு குடும்பத்துக்கு அதில் உரிமை இல்லை. காசு கொடுக்காதீர்கள்.

படி 8: கடிதம்

இணையத்தில் ஏறாத பதிவேடுகள் இன்னும் ஏராளம். கடைசியில் தேவாலய அலுவலகத்துக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ எழுதத்தான் வேண்டியிருக்கும். ஜெர்மனில் எழுதுங்கள், மொழிபெயர்ப்புச் செயலி போதும், ஆனால் சிறு சிறு வாக்கியமாக எழுதிக் கொடுத்தால்தான் அது குழப்பாது. ஒரு கடிதத்தில் ஒரே கேள்வி. 'இந்தப் பெயரைப் பற்றி உங்களிடம் உள்ளதையெல்லாம் அனுப்புங்கள்' என்று கேட்டால் யாரும் அனுப்ப மாட்டார்கள். 'இன்ன ஊர், ஞானஸ்நானப் பதிவேடு, 1680 முதல் 1685 வரை, இன்ன பெயர், இன்னின்ன எழுத்துக்கூட்டல்களில் வரலாம்' என்று எழுதுங்கள், எவ்வளவு கட்டணம் என்று முன்கூட்டியே கேளுங்கள், எவ்வளவு தொகை வரை உங்களைக் கேட்காமலே தேடலாம் என்பதையும் குறிப்பிடுங்கள். பதில் வர மாதக் கணக்கில் ஆகலாம். பதிவின் நகல் கேட்கும்போது அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி அனுப்பச் சொல்லாமல் முழுப் பக்கத்தையும் கேளுங்கள். ஞானப்பெற்றோர் பத்தி அதில்தான் இருக்கும்.